கையில் வாள் கொடுத்தால் போதுமா?

வீடியோ கேம்களில் பெண் பாத்திரங்களை வடிவமைக்கும் விதத்தை யார் கேள்வி கேட்டாலும் ஒரே மாதிரியான பதில்தான் வருகிறது. அவள் கோழை அல்ல, அரக்கர்களை வெட்டிச் சாய்க்கிறவள். யாருக்கும் அடங்கிப் போகாதவள். தன் உடலைப் பற்றி அவளுக்கே கூச்சம் இல்லாதபோது உங்களுக்கு ஏன் வலிக்கிறது? 1996இல் 'டூம் ரெய்டர்' ஆட்டத்தில் லாரா கிராஃப்ட் அறிமுகமானபோது எழுந்த இந்த வாதம், 2024இல் தென்கொரியாவின் ஷிஃப்ட் அப் நிறுவனம் உருவாக்கிய 'ஸ்டெல்லர் பிளேடு' ஆட்டமும் அதன் நாயகி ஈவும் வெளிவந்தபோதும் அதே வடிவில் திரும்பி வந்தது. இடைப்பட்ட காலத்தில் அது மேலும் துணிவு பெற்றிருக்கிறது. முன்பு 'இதில் தவறில்லை' என்று சொன்னவர்கள் இப்போது 'இதுதான் பெண்ணுக்கு அதிகாரம்' என்கிறார்கள். குறை சொல்பவர்கள் பெண்ணின் உடலைக் கண்டு முகம் சுளிக்கும் பழமைவாதிகளாகவும், ஆதரிப்பவர்கள் பெண் விடுதலையின் பக்கம் நிற்பவர்களாகவும் ஆகிவிட்டார்கள். இந்தக் கருத்தை முழுமையாக மறுக்க வேண்டியிருக்கிறது. கதைக்குள் ஒருத்தி எவ்வளவு வலிமையானவள் என்பது ஒன்று. அவளுடைய உடல் யாருக்காக, எப்படிக் காட்டப்படுகிறது என்பது வேறொன்று. முதலாவதைக் காட்டி இரண்டாவதை நியாயப்படுத்த முடியாது. ஒரு வடிவமைப்பு பெண்ணுக்கு அதிகாரம் தருகிறதா, அவளைப் போகப்பொருளாக்குகிறதா என்பதை அவள் கையிலுள்ள ஆயுதத்தைக் கொண்டு முடிவு செய்ய முடியாது. உடை, கேமரா, ஆட்டம் தரும் பரிசுகள் ஆகியவை யாருடைய விருப்பத்துக்குப் பதில் சொல்கின்றன என்பதைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

'அது அவளுடைய தேர்வு' என்ற வாதத்தின் மிக விரிவான வடிவம் ஜப்பானிய இயக்குநர் ஹிடியோ கோஜிமாவின் 'மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேண்டம் பெய்ன்' (2015) ஆட்டத்தில் இருக்கிறது. அதில் வரும் குவயட், தொலைவிலிருந்து குறி தவறாமல் சுடும் வீராங்கனை. ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் துணைகளில் மிகவும் பயனுள்ளவர்களில் ஒருத்தி. போர்க்களத்தில் அவள் நடமாடுவது நீச்சலுடை அளவேயான ஆடையிலும் கிழிந்த காலுறையிலும். ஆட்டம் வெளியாவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2013 செப்டம்பரில், இந்தப் பாத்திரத்தை மேலும் கிளர்ச்சியூட்டும்படி வரையுமாறு ஓவியரிடம் தான் சொல்லிவருவதாகக் கோஜிமாவே எழுதினார். ரசிகர்கள் அந்த வேடம் அணிய முன்வருவார்கள், பொம்மைகளும் விற்கும் என்பது அவர் சொன்ன காரணம். எதிர்ப்பு கிளம்பியதும், அவள் ஏன் அப்படி இருக்கிறாள் என்ற ரகசியம் தெரியும்போது விமர்சித்தவர்கள் தங்கள் சொற்களுக்காக வெட்கப்படுவார்கள் என்றார். ஆட்டம் வெளியானபோது அந்த ரகசியமும் வெளியானது. தீக்காயத்திலிருந்து அவளைக் காப்பாற்றிய ஒட்டுண்ணிச் சிகிச்சையால் அவள் தோல் வழியாகவே மூச்சு விடுகிறாளாம். உடலை மூடினால் மூச்சு முட்டிவிடுமாம். இதே தொடரின் மூன்றாம் பாகத்தில் (2004), சூரிய ஒளியிலிருந்து ஆற்றல் பெறும் 'தி எண்ட்' என்ற முதிய குறிவீரர் வருகிறார். அவர் உடல் முழுக்க உருமறைப்பு உடை அணிந்திருக்கிறார். அவர் ஆண், அதிலும் கிழவர் என்பதால் அந்தக் கதையுலகின் உயிரியல் அவரிடம் எதையும் கழற்றச் சொல்லவில்லை. குவயட்டின் ஆடை முதலில் சந்தைக்காக முடிவானது. அதைத் தாங்கி நிற்கும் அறிவியல் பிறகு வந்து சேர்ந்தது. குவயட் பெரும்பாலும் பேசுவதும் இல்லை. ஆங்கிலம் பேசினால் பரவும் கொடிய கிருமியைச் சுமப்பதால் அவள் மௌனம் காக்கிறாள் என்று கதை விளக்குகிறது. ஆடையையும் குரலையும் கதையே பறித்துக்கொண்ட ஒருத்தியைக் காட்டி, இது அவளுடைய தேர்வு என்று வாதிடுவது எப்படிச் சரியாகும்?

தேர்வு பற்றிய வாதத்தின் அடிப்படைப் பிழை இதைவிட ஆழமானது. பெண் பாத்திரம் போகப்பொருளாக்கப்படுகிறது என்று யாராவது சொன்னால், 'அவள் வெறும் பிக்சல், உயிரில்லாத உருவம். இல்லாத ஒருத்தியை எப்படிப் பொருளாக்க முடியும்?' என்று கேட்கிறார்கள். அடுத்த மூச்சிலேயே, 'அவள் தன் உடலைப் பெருமையோடு வெளிப்படுத்துகிறாள், அதுதான் அவளுடைய சுதந்திரம்' என்கிறார்கள். இந்த இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்ள முடியாது. அவள் உயிரற்ற உருவம் என்றால் அவளுக்குப் பெருமையும் இல்லை, விருப்பமும் இல்லை, தேர்வும் இல்லை. ஒவ்வொரு முடிவும் வடிவமைத்தவர்களுடையது. அவளை ஒரு மனுஷியாகக் கற்பனை செய்துகொள்கிறோம் என்றால், அந்தக் கற்பனை மனுஷியை எப்படி நடத்துகிறோம் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நடைமுறையில் நாம் செய்வது இரண்டாவதைத்தான். லாராவின் துணிவை வியக்கும்போதும் குவயட்டின் பிரிவுக்கு வருந்தும்போதும் யாரும் பிக்சல்களுக்காக வருந்துவதில்லை. ஆகவே, உண்மையான ஒரு பெண் தன் ஆடையைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் காட்ட வேண்டிய மரியாதையை, ஓர் இயக்குநர் தன் படைப்புக்கு ஆடை தேர்ந்தெடுக்கும்போது கடனாகக் கேட்பது நியாயமில்லை. வீதியில் நடக்கும் பெண்ணிடம் அவள் உடையைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. வரையப்பட்ட உருவத்தின் உடையைப் பற்றி வரைந்தவரிடம் கேட்க எல்லோருக்கும் உரிமை உண்டு.

வடிவமைப்பு என்பது உடையோடு முடிந்துவிடுவதும் இல்லை. ஆண்களின் பார்வைக்காகப் பெண்ணுடல் எப்படித் திரையில் துண்டு துண்டாக்கப்படுகிறது என்பதை திரைப்படக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975இல் திரைப்படத்தை முன்வைத்து எழுதினார். வீடியோ கேம் இதில் ஒரு படி மேலே போகிறது. இங்கே பார்ப்பவர் இருக்கையில் அமர்ந்திருப்பவர் மட்டுமல்ல. பெரும்பாலான நேரம் கேமராவைத் திருப்புகிறவரும் அவரே, பரிசு பெறுகிறவரும் அவரே. 1986இல் நின்டெண்டோ வெளியிட்ட 'மெட்ராய்டு' ஆட்டத்தின் நாயகி சாமஸ் ஆரன். அவள் பெண் என்பதையே கையேடு மறைத்தது. ஆணைப் போலவே குறிப்பிட்டது. ஆட்டத்தை வேகமாக முடிக்க முடிக்க, இறுதிக் காட்சியில் அவளுடைய கவசம் கழன்றது. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தவருக்கு அவள் நீச்சலுடையில் தோன்றினாள். விண்வெளிக் கொள்ளையரை வென்ற வீராங்கனையின் வெற்றிக்கான பரிசு அவளுக்குத் தரப்படவில்லை, அவளே பரிசாக்கப்பட்டாள். முப்பது ஆண்டுகளுக்குப் பின் வந்த 'நியர்: ஆட்டோமேட்டா' (2017) ஆட்டத்தில் இதே தர்க்கம் இன்னும் வெளிப்படையாக இயங்குகிறது. அதன் நாயகி 2பி, ஆட்டக்காரர் கேமராவைத் தாழ்த்தி அவளுடைய பாவாடைக்கு அடியில் பார்க்க முயன்றால் அதைத் தட்டிவிட்டு விலகுகிறாள். அவள் மறுப்பது திரையில் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் பத்து முறை அப்படிப் பார்த்துவிட்டால் ஆட்டம் ஒரு கோப்பை தருகிறது. அவளுடைய மறுப்பும் ஒரு விளையாட்டாகி, மீறியவருக்குச் சன்மானமும் கிடைக்கிறது. எத்தனை எதிரிகளை அவள் வெட்டினாலும் இந்த ஏற்பாட்டில் அவளுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது?

கேமரா மட்டுமே தனித்துச் செய்யும் வேலைக்கும் சான்று உண்டு. பயோவேர் நிறுவனத்தின் 'மாஸ் எஃபெக்ட் 2' (2010) ஆட்டத்தில் மிராண்டா என்ற பாத்திரம் தன் தங்கையைப் பற்றிய கவலையைச் சொல்லும்போது, கேமரா அவள் முகத்தை விட்டுவிட்டுப் பின்புறத்தில் போய் நின்றது. 2021இல் அதே ஆட்டங்களைப் புதுப்பித்து வெளியிட்டபோது நிறுவனமே அத்தகைய கோணங்கள் சிலவற்றை மாற்றியது. உடை அதேதான், வசனமும் அதேதான், பாத்திரத்தின் திறமையிலும் எதுவும் குறையவில்லை. கேமரா நகர்ந்ததும் அவள் பேசுவது காதில் விழத் தொடங்கியது. வலிமையான, அறிவான, பேசத் தெரிந்த ஒரு பாத்திரத்தை உடையில் கை வைக்காமலேயே பொருளாக்க முடியும், உடையில் கை வைக்காமலேயே மீட்கவும் முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை தேவையில்லை.

வலிமை வந்தால் போகப்பொருளாக்கல் தானாக விலகும் என்ற நம்பிக்கையை ஆய்வும் ஆதரிக்கவில்லை. தெரசா லின்ச் தலைமையிலான குழு 1983 முதல் 2014 வரை வெளியான ஆட்டங்களிலிருந்து, ஆட்டக்காரர் இயக்கக்கூடிய 571 பெண் பாத்திரங்களை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டது. 1990களில் உச்சத்தில் இருந்த பாலியல் சித்திரிப்பு 2006க்குப் பிறகு குறைந்திருக்கிறது என்று அது கண்டது. இது மகிழ வேண்டிய செய்தி. ஆனால் பெண் பாத்திரத்தின் உடல் திறன் கூடும்போது பாலியல் சித்திரிப்பும் சேர்ந்தே கூடுகிறது என்றும் கண்டது. முதன்மைப் பாத்திரங்களைவிடத் துணைப் பாத்திரங்களே அதிகமாக அப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள். அதாவது வலிமை போகப்பொருளாக்கலுக்கு மாற்றாக வரவில்லை. அதன் துணையாக வந்திருக்கிறது. சண்டையிடும் திறனைக் கொடுத்தவர்கள் அதற்கு ஈடாக வேறொன்றை எடுத்துக்கொண்டார்கள் என்றுதான் இந்தத் தரவைப் படிக்க முடிகிறது. 'அவள் வலிமையானவள், ஆகவே இது அதிகாரம்' என்ற வாக்கியத்தில் உள்ள 'ஆகவே' என்ற சொல்லுக்கு இந்தத் தரவில் எந்த ஆதாரமும் இல்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. தோல் எவ்வளவு தெரிகிறது என்று அளந்து பார்ப்பது என் வாதமல்ல. அடக்க ஒடுக்கத்தைப் பெண்ணின் மீது சுமத்துபவர்களின் வாதம் அது. 2013இல் மறுபிறவி எடுத்த லாரா கிராஃப்டுக்கு முழுக்கால் சட்டை கிடைத்தது, உடல் அளவுகளும் இயல்பாயின. ஆனால் அந்த ஆட்டத்தின் நிர்வாகத் தயாரிப்பாளர் 2012 நேர்காணலில், ஆட்டக்காரர்கள் தங்களை லாராவாகக் கருதுவதைவிட அவளைப் பாதுகாக்கவே விரும்புவார்கள் என்ற பொருளில் பேசினார். உடல் மூடப்பட்டது, ஆனாலும் அவள் இன்னும் பிறர் பார்வையில், பிறர் பொறுப்பில் உள்ளவளாகவே கருதப்பட்டாள். மாறாக, லாரியன் நிறுவனத்தின் 'பால்டர்ஸ் கேட் 3' (2023) ஆட்டத்தில் காமம் ஒளிவின்றி இருக்கிறது. ஆண், பெண் வேறுபாடின்றிப் பாத்திரங்கள் ஆசைப்படுகின்றன, அழைக்கின்றன, மறுக்கவும் செய்கின்றன. ஆட்டக்காரரின் நடத்தை பிடிக்காவிட்டால் விலகிப் போகின்றன. 'ஹேடிஸ்' (2020) ஆட்டத்தின் காதல் தேவதை அஃப்ரொடைட்டி தன் கூந்தலைத் தவிர வேறெதுவும் அணியவில்லை. ஆயினும் அந்த உலகில் ஆண்களும் அதே அளவு கண்ணுக்கு விருந்தாக வரையப்பட்டிருக்கிறார்கள், அவளும் தன் சொற்களால்தான் நினைவில் நிற்கிறாள். பொருளாக்கல் பற்றி 1995இல் எழுதிய தத்துவ அறிஞர் மார்த்தா நுஸ்பாம் அதைப் பல கூறுகளாகப் பிரித்தார். ஒருவரைக் கருவியாக நடத்துவது, அவருடைய சுயமுடிவை மறுப்பது, அவருடைய உணர்வைக் கணக்கில் கொள்ளாதிருப்பது என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. அதில் ஆடையின் நீளம் ஒரு கூறாக இல்லை. கவர்ச்சி குற்றமல்ல. கவர்ச்சியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கணக்கிலிருந்து நீக்கும் பார்வைதான் குற்றம்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு தன் வலுவான சாட்சியை அழைக்கும்: பிளாட்டினம் கேம்ஸ் உருவாக்கி 2009இல் வெளியான 'பயோனெட்டா'. அந்தச் சூனியக்காரியை வரைந்தவர் மாரி ஷிமசாகி என்ற பெண். பயோனெட்டா கேமராவைக் கண்டு ஒதுங்குவதில்லை. அதைத் தன் மேடையாக்கிக்கொள்கிறாள். எதிரிகளைக் கேலி செய்கிறாள், ஆசையின் கயிற்றைத் தன் கையில் வைத்திருக்கிறாள். பெண் ஆட்டக்காரர்கள் பலருக்கு அவள் மிகவும் பிடித்தமானவள். இவை எல்லாம் உண்மை. இந்த நூற்றாண்டின் வடிவமைப்புகளில், உடலைக் காட்டுவதையே பாத்திரத்தின் குணமாக மாற்ற உண்மையாகவே முயன்ற ஒன்று அவள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியிருந்தும் இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. அவளுடைய ஆடை அவளுடைய கூந்தலாலேயே ஆனது. மிகப் பெரிய தாக்குதலுக்குக் கூந்தலை அனுப்பும்போது உடல் வெளிப்படுகிறது. ஆற்றல் ஏற ஏற ஆடை குறையும்படி விதியை எழுதியவர் யார்? அவளோடு மோதும் தேவதூதர்களுக்கு அதில் அக்கறை இல்லை; பார்ப்பவர் ஆட்டக்காரர் ஒருவரே. இரண்டாவதாக, பயோனெட்டா பெற்ற நற்பெயரை மற்றவர்களுக்குப் பங்கிட்டுத் தர முடியாது. அவளுக்குப் பேச்சும் திமிரும் நகைச்சுவையும் எழுதித் தந்த உழைப்பு, பேச்சையே பறிகொடுத்த குவயட்டுக்குச் செய்யப்படவில்லை. வரைந்தவர் பெண் என்பதும் முடிவான பதிலாகாது. அவரும் ஓர் இயக்குநரின் கீழ், ஒரு வகைமையின் வழக்கத்துக்குள் வேலை செய்தவர்தான். பெண்கள் பயோனெட்டாவை ரசிப்பதை நான் சிறிதும் குறைத்துப் பேசவில்லை. தமக்காக உருவாக்கப்படாத பாத்திரங்களிலிருந்தும் தமக்கு வேண்டியதைப் பிடுங்கிக்கொள்ளும் திறமை பெண் ரசிகர்களுக்கு நெடுங்காலமாகவே உண்டு. அந்தத் திறமைக்கான பெருமை அவர்களுக்குச் சேர வேண்டும். வடிவமைப்பாளர் அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளக் கூடாது.

ஆண் பாத்திரங்களின் உடலும் மிகைப்படுத்தப்பட்டதுதானே என்ற ஆட்சேபம் அடுத்து வரும். 2005இல் தொடங்கிய 'காட் ஆஃப் வார்' தொடரின் கிரேட்டோஸ் மேலாடை இல்லாமல்தான் சுற்றுகிறான். எந்த மனிதனுக்கும் எளிதில் வாய்க்காத உடல் அது. அந்த லட்சியமும் இளைஞர்களுக்குச் சுமைதான். ஆனால் இரண்டு மிகைகளும் ஒன்றல்ல. கிரேட்டோஸின் தசை அவன் என்ன செய்ய வல்லவன் என்பதைச் சொல்கிறது. ஆட்டக்காரன் தான் ஆக விரும்பும் உருவம் அது. கேமரா அவன் இடுப்பில் தங்குவதில்லை, அவன் மழையில் நனைந்து நடனமாடுவதில்லை. குவயட்டுக்கு அப்படி ஒரு நீண்ட மழைக் காட்சி உண்டு. 'ஸ்டெல்லர் பிளேடு' இயக்குநர் கிம் ஹியுங்-டே இதை ஒளிக்காமலே பேசியிருக்கிறார். ஆட்டக்காரர் பெரும்பாலும் பார்த்துக்கொண்டிருப்பது பாத்திரத்தின் பின்புறத்தைத்தான் என்பதால் அதில் தனிக் கவனம் செலுத்தினோம் என்பது அவர் சொன்னதன் சாரம். ஓர் ஆண் உடல் 'இவனைப் போல் ஆகு' என்று அழைக்கும்போது, அருகிலுள்ள பெண் உடல் 'இவளைப் பார்' என்று அழைக்கிறது. பெண் ஆட்டக்காரருக்கு இந்த இரண்டாவது அழைப்பே திரும்பத் திரும்பக் கிடைக்கிறது. தான் ஆக விரும்பும் உருவத்தையும் வேறொருவரின் கண் வழியாகவே அவள் பெற வேண்டியிருக்கிறது.

'இதனால் யாருக்கு என்ன கேடு?' என்று கேட்பவர்களுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். பாலியல் கவர்ச்சியுள்ள ஆட்டங்களை விளையாடுபவர்கள் பெண்வெறுப்பாளர்களாக மாறுகிறார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. கிறிஸ்டோபர் ஃபெர்குசனும் உடன் ஆய்வாளர்களும் 18 ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியிட்ட பகுப்பாய்வு, அத்தகைய தீங்கு பற்றிய சான்று மிக மெலிதானது என்றே கண்டது. அதை மறைத்துக்கொண்டு வாதாடுவது தவறு. ஆனால் என் வாதம் அந்தத் தூணின் மீது நிற்கவில்லை. ஒரு கதை பெண்ணை மட்டமாகச் சித்திரித்தால், அதைப் படித்தவர் மறுநாள் குற்றம் செய்தாரா என்று பார்த்தபிறகுதான் அந்தக் கதையை விமர்சிக்க வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. படைப்பு எதைச் சொல்கிறது, எப்படிச் சொல்கிறது என்பதே விமர்சனத்தின் பொருள். எதிர்த்தரப்பும் இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்டங்கள் மனிதர்களை மாற்றுவதில்லை என்றால், போகப்பொருளாக்கல் கேடு செய்யாதது போலவே, கவர்ச்சி வீராங்கனைகள் பெண்களுக்கு அதிகாரம் தருகிறார்கள் என்ற பெருமையும் காற்றில் போய்விடும்.

கடைசியாகப் படைப்புச் சுதந்திரமும் சந்தையும். எந்த ஆட்டத்தையும் தடை செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கோஜிமாவுக்கு வரைய உரிமை உண்டு, மற்றவர்களுக்கு அதைக் குறை சொல்ல உரிமை உண்டு. இரண்டும் ஒரே சுதந்திரத்தின் இரண்டு பகுதிகள். ஆனால் சுதந்திரத்தின் பெயரால் உரக்கப் பேசியவர்கள் அதை எல்லா வடிவமைப்புக்கும் வழங்கினார்களா என்று பார்க்க வேண்டும். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' (2020) ஆட்டத்தில் வந்த ஏபியின் தோள்கள் அகன்றவை, கைகள் தடித்தவை. ஆண்டுக்கணக்கில் பழிவாங்கலுக்காகவே உடலை வளர்த்த ஒருத்திக்கு அது பொருத்தமான உடல்; உண்மையான விளையாட்டு வீராங்கனை ஒருவரின் உடலைக் கொண்டே உருவாக்கப்பட்டது. அதற்காக அந்தப் பாத்திரம் ஏளனம் செய்யப்பட்டது. கதையில் ஏபி செய்த செயலுக்காக, அவளுக்குக் குரல் கொடுத்த லாரா பெய்லிக்குக் கொலை மிரட்டல்கள்கூட வந்தன. 'ஹொரைசன்' தொடரின் ஏலோயின் கன்னத்தில் மெல்லிய ரோமம் தெரிந்ததற்கே கூச்சல் எழுந்தது. 'ஸ்டெல்லர் பிளேடு' வெளியானபோது ஈவின் சில உடைகளில் துணி சற்றுக் கூடியதைக் கண்டித்து ஆயிரக்கணக்கானோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். வாங்குவதற்கு முன் வாக்களித்ததை மாற்றக் கூடாது என்ற அவர்களுடைய நுகர்வோர் வாதத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஈவின் வாள்வீச்சு ஒரு துளியும் குறையாதபோது, அவர்கள் இழந்ததாக உணர்ந்தது அவளுடைய வலிமையையா? சந்தை கேட்கிறது என்ற வாதமும் பாதி உண்மைதான். 'ஸ்டெல்லர் பிளேடு' நன்றாக விற்றது. இயல்பான உடல் கொண்ட 2013இன் லாராதான் தன் தொடரிலேயே அதிகம் விற்ற ஆட்டத்தின் நாயகி என்பதும், ஏலோயின் முதல் ஆட்டம் இரண்டு கோடிப் பிரதிகளைத் தாண்டியது என்பதும் அதே சந்தையின் கணக்குதான்.

ஆகவே நான் கேட்பது எளிமையானது. கண்ணுக்கு இன்பம் தரும் ஓர் உருவத்தை வரைய விரும்பும் கலைஞர் அப்படியே சொல்லட்டும். 'நியர்' இயக்குநர் யோகோ தாரோ 2பியின் தோற்றத்தைப் பற்றிக் கேட்டபோது, தனக்குப் பெண்களைப் பிடிக்கும் என்று சுற்றிவளைக்காமல் சொன்னார். தோல் வழியே மூச்சு விடும் கதையைவிட அந்தப் பதில் மரியாதைக்குரியது. இன்பம் வெட்கப்பட வேண்டியதல்ல. அதற்கு விடுதலையின் பெயரைச் சூட்டுவதுதான் வெட்கப்பட வேண்டியது. பெண்ணுக்கு அதிகாரம் என்ற சொல்லை ஒரு வடிவமைப்புக்குச் சூட்ட வேண்டுமென்றால் அதற்கான சான்றைக் காட்ட வேண்டும். அந்த உடல் அவளுடைய வேலைக்கும் வரலாற்றுக்கும் பதில் சொல்கிறதா? அவள் பேசும்போது கேமரா முகத்தில் நிற்கிறதா? அவள் மறுத்தால் ஆட்டம் அந்த மறுப்பை மதிக்கிறதா, அல்லது மீறியவருக்குக் கோப்பை தருகிறதா? அவளுடைய வெற்றியின் பலன் அவளுக்குக் கிடைக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு ஆம் என்று பதில் தரும் ஆட்டங்கள் இப்போதே இருக்கின்றன. அவற்றை உருவாக்கியவர்கள் காமத்தையும் கைவிடவில்லை, அழகையும் கைவிடவில்லை, விற்பனையையும் இழக்கவில்லை. மற்றவர்களால் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. அவர்கள் இன்னும் முயலவில்லை என்பதே உண்மை. அதுவரை, வாளைக் கையில் கொடுத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் பார்வையாளருக்கு எழுதிவைக்கும் வடிவமைப்பை அதிகாரம் என்று ஏற்றுக்கொள்ளும் கடமை நமக்கு இல்லை.